கயிற்றை இழுக்கும் உரிமை

ஆலை வருகிறது, எந்திரம் வருகிறது, முதலீடு வருகிறது. ஆட்களை நடத்தும் முறை மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கேட்டால், ‘இந்த ஊர்க் கலாசாரம் அப்படி’ என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து நம் ஸ்ரீபெரும்புதூர் வரை, பன்னாட்டு நிறுவனங்கள் மனிதத் திறமையைக் கையாளும் விதம் குறித்து ஒரு சிறப்புப் பார்வை.

கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டியிருக்கும் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. 1982-ல் அதை இழுத்து மூடியபோது அங்கே வேலை செய்தவர்களுக்கு நல்ல பெயர் இல்லை. எந்த நாளை எடுத்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சில நாள்களில் உற்பத்தி வரிசையை ஓட்டப் போதுமான ஆள் இல்லாமல், எதிரில் இருந்த மதுக்கடையில் போய் ஆள் கூட்டிவந்த கதையைப் பழைய ஊழியர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். வேலை நேரத்தில் குடிப்பது சாதாரணம். நிர்வாகத்தின் மேல் இருந்த ஆத்திரத்தில் காலி பாட்டிலைக் கதவுத் தகட்டுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். அந்தக் காரை வாங்கியவர் எங்கிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது என்று தெரியாமல் தவிப்பார். ஆலை மூடிய நாளில், தீர்க்கப்படாத தொழிலாளர் புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன.

இரண்டே ஆண்டில் அதே கட்டடத்தில் மறுபடி வேலை தொடங்கியது. இந்த முறை நிர்வாகம் டொயோட்டாவின் கையில். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து தொடங்கிய அந்தக் கூட்டு நிறுவனத்தின் பெயர் நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங், சுருக்கமாக ‘நம்மி’. முதலில் வேலைக்கு எடுத்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஆலையின் ஆட்களே. பழைய தொழிற்சங்கத் தலைவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

1986-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மூன்று ஆலைகளை ஒப்பிட்டார்கள். ஒரே வகையான வேலைகளை மட்டும் கணக்கில் எடுத்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பூட்ட 31 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. ஜப்பானில் டொயோட்டாவின் டகவோக்கா ஆலையில் 16 மணி நேரம். நம்மியில் 19. குறைகளைப் பார்த்தால் டகவோக்காவிலும் நம்மியிலும் 100 கார்களுக்கு 45. ஃப்ரேமிங்ஹாமில் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வேலைக்கு வராதவர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து இரண்டு சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது.

ஆட்கள் மாறவில்லை. ஊர் மாறவில்லை. சங்கமும் அதே சங்கம். பிறகு எது மாறியது? பன்னாட்டு நிறுவனங்களில் திறமையைப் பற்றியும் கலாசாரத்தைப் பற்றியும் பேசும் எவரும் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இதுதான். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இன்று அவசரமும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பழைய மகாபலிபுரம் சாலை என எங்கு பார்த்தாலும் கொரியா, ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, தைவான், அமெரிக்கா என எல்லா நாட்டு நிர்வாகத்துக்குக் கீழும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள்.

தலைக்கு மேல் ஒரு கயிறு

வேலை தொடங்கும் முன்பு, குழுத் தலைவர்களாக வரவிருந்த சுமார் 450 பேரை டொயோட்டா தொகுதி தொகுதியாக ஜப்பானுக்கு அனுப்பியது. சில வாரங்கள் அங்கே ஜப்பானியத் தொழிலாளருக்குப் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்ய வேண்டும். அவர்களை அதிகம் அசைத்துப் பார்த்தது ஒரு கயிறு.

டொயோட்டா ஆலைகளில் உற்பத்தி வரிசை நெடுக, தொழிலாளியின் தலைக்கு மேல் ‘அன்டான்’ கயிறு ஓடும். மரை சரியாக ஏறவில்லை, உதிரி பாகம் பொருந்தவில்லை, வேலை பின்தங்குகிறது, எதுவானாலும் கையை நீட்டிக் கயிற்றை இழுக்கலாம். ஒரு மெட்டு ஒலிக்கும். பலகையில் அந்த இடத்தின் எண் எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன உதவி வேண்டும் என்பதுதான். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் வரிசை நிற்காது. முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும்.

ஃப்ரீமாண்டிலிருந்து போனவர்களுக்கு இது நம்ப முடியாத காட்சி. அவர்கள் ஆலையில் வரிசையை நிறுத்துவது மகா பாவம். ஆள் தவறி விழுந்தாலும் வரிசை ஓட வேண்டும். எஞ்சின் தவறாகப் பூட்டப்பட்டிருந்தாலும் கார் அடுத்த இடத்துக்கு நகரும். கடைசியில் வெளி முற்றத்தில் நிறுத்திப் பிரித்து மேய்வார்கள். தவறைக் கண்டவன் வாயை மூடிக்கொள்வதுதான் பிழைக்கும் வழி. பல ஆண்டு இப்படி வேலை செய்தவனுக்குக் காரின் மேல் என்ன அக்கறை மிஞ்சும்?

ஜப்பானில் பயிற்சி முடிந்து விடைபெற்றபோது, முரடர்கள் என்று பெயரெடுத்த அந்த அமெரிக்கத் தொழிலாளர்களில் சிலர் ஜப்பானியர்களைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். தன் வேலையைப் பற்றி ஒருவர் தன்னிடம் யோசனை கேட்டது அவர்களில் பலருக்கு அதுவே முதல் முறை.

நம்மியில் ஐந்தாறு பேருக்கு ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர். அந்தத் தலைவரும் சங்க உறுப்பினர்தான். பழைய ஆலையில் எண்பதுக்கும் மேற்பட்ட பணிப்பிரிவுகள் இருந்தன. அவற்றை ஒரே உற்பத்திப் பிரிவாகவும் மூன்று தொழில்நுட்பப் பிரிவுகளாகவும் சுருக்கினார்கள். நேர அளவை வேலையையும் தொழிலாளர் கையிலேயே கொடுத்தார்கள். முன்பு ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு பொறியாளர் பின்னால் வந்து நிற்பார். அவரைக் கண்டதும் கை தானாக மெதுவாகும். நம்மியில் குழுவினரே ஒருவர் வேலையை மற்றவர் அளந்தார்கள். எந்த வரிசையில் செய்தால் முதுகு வலிக்காது, எந்தப் பெட்டியை எங்கே வைத்தால் இரண்டு அடி நடை மிச்சம் என்று தாங்களே பேசி, தாங்களே எழுதி வைத்தார்கள். அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இல்லை. தனி வாகன நிறுத்துமிடம் இல்லை.

ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி

கயிற்றைத் தொங்கவிடுவது சுலபம். அதை இழுக்கத் துணிச்சல் வர வேண்டுமே! வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன் தன் தவறை ஊருக்குக் காட்டமாட்டான். டொயோட்டா இதைப் புரிந்துகொண்டிருந்தது.

சங்கத்தோடு நம்மி போட்ட ஒப்பந்தத்தில், வேலைப் பாதுகாப்பு தொழிலாளியின் நலனுக்கு அடிப்படை என்று எழுதியிருந்தார்கள். நிறுவனமே நிலைக்க முடியாத நெருக்கடி வந்தால் தவிர ஆட்குறைப்பு கிடையாது. அப்படி ஒரு நிலை வந்தாலும் மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்பது போன்ற நடவடிக்கைகள் முதலில். 1988-ல் சோதனை வந்தது. நம்மியில் செய்த செவ்ரோலே நோவா கார் விற்கவில்லை. ஆலையின் உற்பத்தி, திறனில் 60 சதவீத அளவுக்கு விழுந்தது. வழக்கமான அமெரிக்க ஆலையாக இருந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் அந்த மாதமே வீட்டுக்குப் போயிருப்பார்கள். நம்மி ஒருவரையும் அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கும் பராமரிப்பு வேலைகளுக்கும் திருப்பிவிட்டது. ஒப்பந்தத்தின் வரி வெறும் மை இல்லை என்று அன்றைக்குத் தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள்.

நம்மி சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வேலை வேகம் கடுமை. ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நொடியும் கை ஓட வேண்டும். இது மன அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம் என்று தொழிற்சங்க எழுத்தாளர்கள் 1988-லேயே விமர்சித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதிய மாடலுக்கு மாறிய சமயத்தில் கை, தோள் காயங்கள் பெருகி மாநிலப் பாதுகாப்புத் துறையின் கண்டனத்தையும் நம்மி வாங்கிக்கொண்டது. ஆனாலும் பழைய ஃப்ரீமாண்டுக்குத் திரும்பலாமா என்று கேட்டால் சம்மதித்திருக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே.

எண்கள் சொன்ன ஜோசியம்

பன்னாட்டு நிறுவனங்களின் மனிதவளத் துறையில் ஒரு பெயர் அடிக்கடி காதில் விழும்: கீர்ட் ஹாஃப்ஸ்டீட். நெதர்லாந்துக்காரர். ஐ.பி.எம். நிறுவனத்தில் 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஊழியர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து, 1980-ல் தன் புத்தகத்தை வெளியிட்டார். அதிகார இடைவெளி, தனிமனிதப் போக்கு, நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கு என்று நாடுகளுக்கு மதிப்பெண் தந்தார். தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, ஜப்பானுக்கு 46, இந்தியாவுக்கு 48. அதிகார இடைவெளியில் அமெரிக்காவுக்கு 40, இந்தியாவுக்கு 77.

இந்த அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1984-ல் ஒருவர் ஃப்ரீமாண்டுக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கூடி உழைக்கும் ஜப்பானிய முறை, தனித்து நிற்கும் அமெரிக்கனிடம் எடுபடாது என்றுதான். அந்த ஜோசியம் இரண்டே ஆண்டில் பொய்த்திருக்கும்.

ஹாஃப்ஸ்டீடைக் குறை சொல்வது நியாயமில்லை. நாட்டின் சராசரியைத் தனி மனிதன் தலையில் கட்டாதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் தவறு செய்கிறார்கள். ‘இந்தியர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள், சொன்னதைச் செய்வார்கள், தலைமைப் பொறுப்புக்கு லாயக்கில்லை’ என்று ஒரு வெளிநாட்டு மேலாளர் முடிவுகட்டுவதற்கு 77 என்ற அந்த எண் வசதியான சாக்காகிவிடுகிறது. வாராந்தர வீடியோ கூட்டத்தில் சென்னையில் இருக்கும் பெண் வாயே திறப்பதில்லை என்று அவர் குறைப்படுவார். போன கூட்டத்தில் அவள் சொன்ன ஆட்சேபணை எங்கே போனது, அவளை யார் மடக்கினார்கள், அந்தக் கூட்டம் இரவு பத்தரைக்கு ஏன் நடக்கிறது என்று அவர் கேட்டுக்கொள்ளமாட்டார்.

ஜெனரல் மோட்டார்ஸின் அடுத்த அனுபவம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. நம்மியின் வெற்றியைத் தன் மற்ற ஆலைகளுக்கும் கொண்டுபோக அது விரும்பியது. நம்மியில் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் படம் எடுத்து அதேபோலச் செய்யுங்கள் என்று ஒரு மேலாளருக்கு உத்தரவு வந்ததாகக்கூடச் சொல்வார்கள். கலிஃபோர்னியாவிலேயே இருந்த வான் நைஸ் ஆலையில் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். கயிறும் வந்தது. ஆனால், எத்தனை கார் வெளியே போனது என்று பார்த்துத்தான் மேலாளருக்கு ஊக்கத்தொகை. கயிறு இழுபட்டால் அவருக்கு நஷ்டம். தொழிலாளர்களும் இது ஆட்குறைப்புக்கான தந்திரம் என்று சந்தேகப்பட்டார்கள். 1992-ல் வான் நைஸ் மூடப்பட்டது. அதே மாநிலம், அதே தேசியப் பண்பு, அதே சங்கம். வேறுபட்டது நிர்வாகத்தின் நடத்தை மட்டுமே.

என்னைக் கேட்டால், கலாசாரம் என்பது மனிதர்கள் ஊரிலிருந்து மூட்டைகட்டிக் கொண்டுவருவதில் பாதிதான். மீதிப் பாதியை அவர்கள் வேலை செய்யும் இடம் தினமும் கற்றுக்கொடுக்கிறது. உண்மையைச் சொன்னவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் நிற்பவன் பார்க்கிறான். அவன் கற்றுக்கொள்ளும் பாடம் அதுதான்.

சிரிக்கச் சொன்ன கடை

எதிர்த்திசையில் பயணம் செய்து தோற்ற கதை வால்மார்ட்டுடையது. 1997 இறுதியில் வெர்ட்காஃப், அடுத்த ஆண்டு இன்டர்ஸ்பார் என்று இரண்டு கடைத்தொடர்களை வாங்கி ஜெர்மனிக்குள் நுழைந்தது. அங்கே முதலில் தலைமை தாங்க வந்த அமெரிக்க அதிகாரிக்கு ஜெர்மன் மொழி தெரியாது. அமெரிக்காவில் பழகிய வழக்கங்களை அப்படியே இறக்கினார்கள். காலையில் ஊழியர்கள் கூடி நிறுவனத்தின் பெயரை எழுத்து எழுத்தாக முழங்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்தில் வந்தால் புன்னகைக்க வேண்டும். வாசலில் ஒருவர் நின்று வரவேற்க வேண்டும். சாமான் வாங்க வந்த ஜெர்மானியர்களுக்கு முன்பின் தெரியாதவரின் இந்த உபசாரம் சங்கடமாக இருந்தது.

புன்னகையைவிடப் பெரிய சிக்கல் 2005-ல் வெடித்தது. வால்மார்ட் தன் ஊழியர்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பைக் கொடுத்தது. சக ஊழியரோடு காதல் உறவு கூடாது; விதியை மீறுபவர்களைப் பற்றித் தொலைபேசியில் பெயர் சொல்லாமல் புகார் தரலாம். ஜெர்மன் சட்டப்படி, ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணிமனைக் குழுவோடு பேசாமல் இப்படிப்பட்ட விதிகளைக் கொண்டுவர முடியாது. அந்தக் குழு நீதிமன்றம் போனது. 2005 ஜூனில் வுப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் விதிகளின் முக்கியப் பகுதிகளைத் தடுத்தது. நவம்பரில் டூசல்டார்ஃப் மேல்முறையீட்டு நீதிமன்றமும், காதலைத் தடைசெய்வது தனிமனித உரிமைக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் வால்மார்ட் தன் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, சுமார் 100 கோடி டாலர் நஷ்டத்தோடு ஊர் திரும்பியது.

இந்தத் தோல்விக்கு விலைப் போட்டியும் ஜெர்மன் சில்லறை வணிகச் சட்டங்களும் பெரிய காரணங்கள். ஆனால், ஆட்களை நடத்தியதில் இருந்த பிழையைத் தனியே பார்க்க வேண்டும். டொயோட்டா தொழிலாளிக்குக் கொடுத்தது தன் வேலையில் இருக்கும் தவறைப் பகிரங்கமாகச் சொல்லும் கயிறு. வால்மார்ட் கொடுத்தது பக்கத்தில் இருப்பவன்மீது மறைவாகப் புகார் சொல்லும் தொலைபேசி. முதலாவது நம்பிக்கையை வளர்த்தது, இரண்டாவது சந்தேகத்தை.

நூறில் பத்துப் பேர்

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் எவருக்கும் ‘பெல் கர்வ்’ என்றால் விளக்கம் தேவையில்லை. அதைப் பிரபலமாக்கியவர் 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச். ஊழியர்களில் 20 சதவீதம் முன்னணி, 70 சதவீதம் நடு, கடைசி 10 சதவீதம் வெளியேற்றப்பட வேண்டியவர்கள் என்பது அவர் கணக்கு. உலகம் முழுக்க நிறுவனங்கள் அதைப் பின்பற்றின.

இந்தக் கணக்கில் ஒரு கொடுமை இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் கடைசி ஆக வேண்டும். அப்படி இருக்கும்போது தெரிந்த வித்தையைப் புதிதாக வந்தவருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? தன் புரோகிராமில் இருக்கும் பிழையைத் தானே முன்வந்து யார் ஒப்புக்கொள்வார்கள்? அப்ரைசல் மாதம் நெருங்கும்போது நேற்றுவரை டீ குடிக்கச் சேர்ந்து போனவர்கள் தனித்தனியே மெயில்களைச் சேமிக்கத் தொடங்குவதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த முறையைக் கைவிட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கே பிற்பாடு ஊழியர்களுக்கு ஆண்டு மதிப்பெண் போடும் வழக்கத்திலிருந்து விலகியது. திறமை தனித்தனி ஆட்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் சரக்கு என்று எண்ணுகிறவர்களுக்குத்தான் இந்த வரிசைப்படுத்தல் பொருத்தமாகத் தோன்றும். ஃப்ரீமாண்ட் அதை மறுக்கிறது. அங்கே அதே ஆள் ஒரு நிர்வாகத்தின் கீழ் உதவாக்கரை. இன்னொன்றின் கீழ் உலகத் தரமான தொழிலாளி.

நம் மண்ணில்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அன்று முதல் இன்றுவரை இந்தப் பகுதித் தொழிலாளர்கள் பன்னாட்டுத் தரத்துக்கு உழைத்துக் காட்டியிருக்கிறார்கள். இங்கே செய்த கார்களும் செல்போன்களும் உலகம் முழுக்கப் போகின்றன. திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு இடமே இல்லை. அந்தத் திறமைக்குச் சொந்தக்காரர்களின் குரலுக்கு என்ன மரியாதை என்பதுதான் கேள்வி.

2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் பூட்டும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை மறுபடி திறந்தது 2022 ஜனவரியில். உலகின் விலை உயர்ந்த செல்போனில் மயிரிழை கீறலைக் கண்டுபிடிக்க ஏற்பாடு வைத்திருக்கும் உற்பத்திச் சங்கிலியில், சோற்றில் இருக்கும் குறையைச் சொல்ல ஏற்பாடு இல்லை. அந்தப் பெண்களுக்குக் கிடைத்த ஒரே கயிறு நெடுஞ்சாலைதான்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் திட்டமிட்டுத் தவிர்த்துவந்தது என்பது அதன் சாரம். குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, தாலி, மெட்டி என்று காரணங்கள் சொல்லப்பட்டனவாம். பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் மணமானவர்கள் என்றும் சொன்னது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பஞ்சாலை முதல் தோல் ஆலைவரை, தாலியோடும் மெட்டியோடும் பிள்ளை பெற்ற உடம்போடும் எந்திரம் ஓட்டிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்களைத் தவிர்க்க நம் பண்பாட்டையே காரணமாகக் காட்டுவதை எப்படி ஏற்க முடியும்?

அதே ஆண்டு செப்டம்பர் 9-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 1,800 பேர் வேலை செய்யும் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்து ஐந்து வாரத்துக்கு மேல் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். சம்பளமும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன. முதல் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. சாம்சங் நீண்ட காலம் சங்கமே வேண்டாம் என்ற கொள்கையோடு வளர்ந்த நிறுவனம். ஆனால், 2020 மே மாதம் அதன் அன்றைய துணைத் தலைவர் லீ ஜே யோங் கொரிய மக்கள் முன் தலைகுனிந்து, அந்தக் கொள்கையை இனித் தொடர மாட்டோம் என்று அறிவித்திருந்தார். கொரியாவில் கொடுத்த அந்த வாக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துசேர நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

சங்கம் வேண்டும் என்பது வெளியாள் தூண்டிவிட்ட ஆசை என்று பேசுகிறவர்கள் சென்னையின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இங்கே பிறந்தது. பெரம்பூரில் பிரிட்டிஷ் பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள்தான் அதன் முதுகெலும்பு. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தலைமை ஏற்றார்கள். அந்த நிறுவனம் வாடியாமீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த வழக்கு எழுப்பிய அலைதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. உள்ளூர்க் கலாசாரத்தை மதிக்கிறோம் என்று பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கும் நிறுவனங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கூடிப் பேசி நியாயம் கேட்பதும் இந்த ஊர்க் கலாசாரம்தான். நூறு வயது தாண்டிய கலாசாரம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நிலைமை மாறாமலும் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. சுமார் 707 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் வசதி. நல்ல படுக்கையும் நல்ல சாப்பாடும் தேவையான தொடக்கம். அதற்கு அடுத்த படி, அந்தப் பெண்களின் பேச்சு ஆலைக்குள் எடுபட வேண்டும்.

ஃப்ரீமாண்டின் பாடத்தை நம் ஊருக்குப் பொருத்தினால் கேள்விகள் எளிமையானவை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பாதுகாப்புக் குறையைச் சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? லைனில் நிற்கும் பெண், கழிப்பறைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வெளிநாட்டு மேலாளருக்கு வரும் ஊக்கத்தொகையில், தன்கீழ் வேலை செய்பவர்கள் எத்தனை குறைகளைத் தைரியமாகச் சொன்னார்கள் என்பதற்கு இடம் உண்டா? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனத்திடம், போன ஆண்டு ஜூனியர் ஒருவர் சொன்ன எந்த யோசனை நடைமுறைக்கு வந்தது என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கலாம். பதில் சொல்ல முடியாத நிறுவனத்துக்குத் திறமையைப் பற்றிப் பேச உரிமை குறைவு.

அரசுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. முதலீட்டாளர் மாநாடுகளில் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களில் இரண்டு எண்கள் பெரிதாகப் பேசப்படுகின்றன: எத்தனை கோடி, எத்தனை வேலை. எத்தனை நிரந்தர வேலை, புகார்களைத் தீர்க்க என்ன ஏற்பாடு, தொழிலாளரின் பிரதிநிதியோடு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பேச்சு என்பவற்றையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நம்மியில் அப்படி எழுதிவைத்த ஒரு வரிதான் தொழிலாளர்களின் பயத்தைப் போக்கியது. வால்மார்ட்டுக்கு ஜெர்மன் சட்டம் உணர்த்தியதை, இங்கே வருகிறவர்களுக்கு நம் சட்டம் முதல் நாளே உணர்த்தட்டும்.

இப்படிக் கேட்டால் முதலீடு ஓடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். நிலமும் சலுகையும் எல்லா மாநிலத்திலும் கிடைக்கும். இந்த நிறுவனங்கள் இங்கே வந்தது, வந்தபின் விரிவாக்கம் மேல் விரிவாக்கம் செய்தது, நம் தொழிலாளர்களின் கைத்திறனையும் ஒழுங்கையும் படிப்பையும் நம்பித்தான். கால் நூற்றாண்டு உழைப்பால் அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். பேரம் பேசும் பலம் நம் பக்கமும் இருக்கிறது. அதை அவர்களுக்காகப் பயன்படுத்த வேண்டியது இந்த மாநிலத்தின் கடமை.